போகஸ் குரூப்

பலகையில் எழுதியது சின்னராஜ். அவன் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். எழுத்துப் பிழையும் முத்து முத்தாக இருக்கும். 'ஃபோகஸ் குரூப்' என்று எங்கள் துறை யூஜினியா மேடம் எழுதச் சொன்னதை அவன் 'போகஸ் குரூப், மதியம், மேல் மாடி கடைசி அறை' என்று எழுதி வைத்துவிட்டான். ஊரெல்லாம் போகஸ் ரேஷன் கார்டு பிடித்துக்கொண்டிருந்த நேரம் அது. சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் கல்லூரி முழுக்க விஷயம் பரவிவிட்டது. அந்தக் குழுவுக்கு எடுத்த எங்கள் எட்டுப் பேரையும் பார்த்தவர்களெல்லாம், "என்னப்பா, போகஸ் பார்ட்டியா?" என்று கேட்டுச் சிரித்தார்கள். யூஜினியா மேடமும் பலகையைப் பார்த்துச் சிரித்தார். அழிக்கவில்லை.

நாங்கள் படித்தது சட்டவியல், பி.ஏ. இதைப் படித்து முடித்தால் கறுப்புக் கோட்டு போட முடியாது. இதற்குமேல் சட்டக் கல்லூரியில் இடம் கிடைக்க வேண்டும். எங்களுக்கு முந்தின செட்டில் ஒருவருக்கும் கிடைக்கவில்லை. இதைப் படித்தவன் மனு எழுதக்கூடத் தெரியாமல் நிற்கிறான் என்று ஊரில் பேச்சு. வருடா வருடம் சேர்கிற ஆள் குறைந்தது. தொண்ணூற்றாறு தொண்ணூற்றேழில் எல்லோருக்கும் கண் கம்ப்யூட்டர் மேல்தான். சட்டவியலை மூடிவிட்டு அந்த அறைகளில் கம்ப்யூட்டர் வைத்துவிடலாம் என்று கல்லூரிச் செயலாளர் சொல்லிவிட்டார் என்றார்கள். எனக்கு அப்போது வந்த கோபம் இன்னும் ஞாபகம் இருக்கிறது. மூன்றாம் வருடம் படிக்கிற எங்களை வைத்துக்கொண்டே வீட்டை இடிப்பதற்கு விலை பேசினார்கள்.

அந்த நேரத்தில்தான் யூஜினியா மேடம் சென்னையில் ஒரு பயிற்சிக்குப் போய்விட்டு இந்த யோசனையோடு வந்தார். கோயம்புத்தூர்ப் பக்கம் கருமத்தம்பட்டிக்காரர். எங்களிடம் 'கண்ணு' போட்டுத்தான் பேசுவார். படிப்பு எங்கே கோணல் என்று ஆசிரியர்களிடம் கேட்டால் தெரியாது, படிக்கிறவர்களைச் சின்னக் குழுவாக உட்கார வைத்து, பயமில்லாமல் பேச வைத்து, அதைக் கேட்டுப் பாடத்தைத் திருத்த வேண்டும் என்று முதல்வரிடம் போராடி அனுமதி வாங்கினார். துறைத் தலைவர் அழகுசுந்தரம் சாருக்கு அது பிடிக்கவில்லை. "நோயாளியக் கேட்டு மருந்து எழுதுறதா?" என்றாராம்.

அழகுசுந்தரம் சார் தேவகோட்டை கோர்ட்டில் வக்கீல். எங்களுக்குச் சாட்சியச் சட்டம் எடுப்பார். அவரைக் கெட்டவர் என்று நான் சொல்ல மாட்டேன். பஸ்ஸுக்குக் காசில்லை என்றால் சட்டைப்பையில் கைவிட்டு எடுத்துக் கொடுப்பார். ஆனால் வகுப்பு என்றால் நோட்ஸ்தான். அவர் மாணவராக இருந்தபோது எழுதிய நோட்ஸ். அதைச் சொல்லுவார், நாங்கள் எழுதுவோம். கோர்ட்டில் என்ன நடக்கிறது என்று கேட்டால், "அதெல்லாம் போகப் போகத் தெரியும்" என்பார்.

மேல் மாடி அறையில் எட்டு நாற்காலியை வட்டமாகப் போட்டிருந்தார்கள். நடுவில் ஒரு ஸ்டூல், அதன்மேல் டேப் ரிக்கார்டர். அதைப் பார்த்ததும் எல்லோருக்கும் வாய் கட்டிவிட்டது.

"இது நான் எழுதுறதுக்காக மட்டுந்தான் கண்ணு. எழுதி முடிச்சதும் உங்க முன்னாடியே அழிச்சுருவேன். யாரு பேரும் வெளிய வராது. நீங்களும் யாரு என்ன பேசுனாங்கன்னு வெளிய சொல்லக்கூடாது" என்றார் மேடம்.

"சத்தியம் பண்ணிருவோம் மேடம்" என்றான் பெத்தாச்சி. நேமத்தான்பட்டிப் பையன். எங்கள் துறையிலேயே நகரத்தார் வீட்டுப் பிள்ளை அவன் ஒருவன்தான். வாய் கொஞ்சம் நீளம். ஸ்டூல்மேல் கையை வைத்து, "கொப்புடையம்மன் மேல ஆணை. இங்க பேசுனது இங்கயே இருக்கும்" என்றான். அவனைப் பார்த்து மற்றவர்களும் வைத்தார்கள். நான் காரைக்குடி செக்காலைப் பொண்ணு. மாதா பேரைச் சொல்லி வைத்தேன். விளையாட்டாகத்தான் செய்தோம். ஆனாலும் கையை எடுத்தபிறகு அறை கொஞ்சம் வேறு மாதிரி இருந்தது.

என்ன படித்தீர்கள் என்று மேடம் கேட்கவில்லை. படித்தது எங்கே உதவியது, எங்கே கைவிட்டது என்று கேட்டார். முதலில் சின்னராஜ் நோட்ஸைப் பற்றிச் சொன்னான். பெத்தாச்சி, காலை முதல் பீரியடை அரை மணி தள்ளி வைத்தால் நேமத்தான்பட்டி பஸ்ஸுக்கும் சட்டத்துக்கும் நல்லது என்றான். எல்லோரும் சிரித்தோம். அப்போதுதான் மீனம்மாள் பேச ஆரம்பித்தாள்.

மீனம்மாளுக்கு ஊர் கண்டரமாணிக்கம். மூன்று வருடமாக என் பக்கத்தில் உட்கார்ந்தவள், வகுப்பில் அவள் குரலைக் கேட்டவர்கள் குறைவு. அப்பா இல்லை. அம்மா பொன்னுத்தாயி ஒரு செட்டியார் வீட்டில் வேலை பார்க்கிறார். அந்த வீட்டுப் பின்கட்டிலேயே குடியிருந்தார்கள். வீட்டுக்காரரின் பிள்ளைகள் மலேசியாவிலும் சென்னையிலும் இருந்தார்கள். பெரியவர் மட்டும் ஊரில்.

"எங்க அப்பச்சிக்குக் கோர்ட்டுலேர்ந்து சம்மன் வந்துச்சு மேடம்" என்றாள். உடனே, "சொந்த அப்பச்சி இல்ல. எங்க அம்மா வேல பாக்குற வீட்டுக்காரக. அவுக பிள்ளைகளோட சேந்து வளந்ததுனால நானும் அப்புடியே கூப்புட்டுப் பழகிட்டேன்" என்று சேர்த்துக்கொண்டாள். "பங்காளிக பாகம் கேட்டுக் கேசு போட்டுருந்தாக. வக்கீலுகிட்ட எதுக்குப் போகணும், நம்ம வீட்லயே சட்டம் படிக்கிறவ இருக்காள்லன்னு எங்கிட்டக் குடுத்தாக. சம்மன்னா என்னன்னு எனக்கு இங்கிலீசுல டெபனிஷன் தெரியும் மேடம். சம்மனக் கண்ணால பாத்ததில்ல. மொத வாய்தாவுக்குச் சும்மா பேரு மட்டுந்தான் கூப்புடுவாக, அடுத்ததுக்குப் போயிக்கலாம் அப்பச்சின்னு சொல்லிப்புட்டேன். அவுக போகல. ஒருதலையாத் தீர்ப்பாகிப்போச்சு."

ரிக்கார்டர் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

"உன்னையத் திட்டுனாரா கண்ணு?"

"இல்ல மேடம். திட்டவே இல்ல. அதான் தாங்க முடியல."

மேடம் சொன்னபடி, எல்லாவற்றையும் எழுதி முடித்ததும் எங்களைக் கூப்பிட்டு எங்கள் கண்முன்னால் கேசட்டை அழித்தார். நாங்கள் நிம்மதியாக இறங்கி வந்தோம். பெத்தாச்சி படியில், "மீனா, நீயா இவ்வளவு பேசுனே?" என்று கேலி செய்தான். அவளும் சிரித்தாள். மனதில் இருந்ததை இறக்கி வைத்த சிரிப்பு. அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அதுதான் கடைசி.

அறிக்கையைக் கருத்தரங்கக் கூடத்தில் படித்தார்கள். செயலாளர், முதல்வர், எங்கள் துறை ஆசிரியர்கள் எல்லோரும் முன்வரிசையில். குழு மாணவர்களும் இருக்கட்டும் என்று செயலாளர் சொன்னதால் நாங்கள் எட்டுப் பேரும் கடைசி பெஞ்சில்.

மேடம் எவ்வளவு கவனமாக எழுதியிருந்தார் என்பதைச் சொல்ல வேண்டும். ஊர்ப் பெயர் ஒன்றுகூட இல்லை. 'படிக்கிறவ' என்று மீனம்மாள் சொன்னதை 'படிக்கிற பிள்ளை' என்று மாற்றியிருந்தார், ஆணா பெண்ணா என்று தெரியக்கூடாது என்று. அம்மா வேலை பார்க்கிற வீடு என்பதை முழுக்கவே எடுத்துவிட்டார், அதை வைத்து யாரும் அவளைக் கண்டுபிடித்துவிடலாம் என்று. அதற்குப்பிறகு மிச்சமிருந்ததைத்தான் படித்தார்.

"ஒரு மாணவர் சொன்னது: எங்க அப்பச்சிக்குக் கோர்ட்டிலிருந்து சம்மன் வந்தது..."

முன்வரிசைத் தலைகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. எல்லாம் பெத்தாச்சியைப் பார்த்தன. அழகுசுந்தரம் சாருடைய தலை கடைசியாகத் திரும்பியது.

காரைக்குடியில் அந்த வார்த்தைக்கு ஒரே முகவரிதான். நகரத்தார் வீட்டில் அப்பாவை அப்பச்சி என்பார்கள். எங்கள் வீடுகளில் ஒருவரும் சொல்ல மாட்டோம். ஒரு பையன் 'எங்க அப்பச்சி' என்றால் அவன் சாதி, வீடு, முகப்பு, வளவு எல்லாம் தெரிந்துவிடும். இது கருமத்தம்பட்டிக்காரருக்கு எப்படித் தெரியும்? அவர் ஊரில் அப்பச்சி என்றால் அம்மாவைப் பெற்ற தாத்தாவாம். எல்லா வீட்டிலும் சொல்லுவார்களாம். பெரியவரைத் தாத்தா என்று கூப்பிடுகிறாள் என்று எடுத்துக்கொண்டு, யார் வேண்டுமானாலும் சொல்லக்கூடிய வார்த்தை என்று நம்பி விட்டுவைத்திருக்கிறார். தலைகள் திரும்பியது எதற்கென்றே தெரியாமல் அவர் பாட்டுக்குப் படித்துக்கொண்டு போனார்.

படித்து முடித்ததும் சார் எழுந்தார். "பேரு இல்லாத சாட்சிய எப்புடிக் குறுக்கு விசாரணை பண்றது மேடம்?" என்று கேட்டார்.

"இது கேஸ் இல்லீங்க சார். பாடத்தைச் சரி பண்றதுக்கு..."

"குத்தம் சாட்டிருக்கீகள்ல. அப்பக் கேசுதான்."

செயலாளர் கையைக் காட்டி உட்காரச் சொன்னார். சட்டம் படிக்கிற பிள்ளைக்குச் சம்மன் படிக்கத் தெரியாதது கல்லூரிக்கு அவமானம் என்றார். அடுத்த வாரத்திலிருந்து கோர்ட்டுக் காகிதங்களைக் கொண்டுவந்து வகுப்பில் காட்டிச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று எல்லோர் முன்னாலும் சாரிடம் சொன்னார். சட்டவியலை மூடுவது பற்றி இந்த வருடம் பேச்சில்லை என்றும் சொன்னார். மேடம் எங்களைப் பார்த்துச் சிரித்தார். எங்களில் ஒருவருக்கும் சிரிப்பு வரவில்லை.

வெளியே தாழ்வாரத்தில் சார் பெத்தாச்சியை நிறுத்தினார். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

"உங்க அப்பச்சி மேல கேசு எந்தக் கோர்ட்டுல தம்பி? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா காசு வாங்காம நானே ஆஜராயிருப்பேனே" என்றார். அவர் குரல் உடைந்திருந்தது. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

பெத்தாச்சியின் அப்பச்சி, அவன் பள்ளிக்கூடம் சேர்வதற்கு முன்பே இறந்துபோனவர். எங்கள் வகுப்பில் எல்லோருக்கும் தெரியும். 'எங்க அப்பச்சி உசுரோட இல்ல சார்' என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவன் என்னைப் பார்த்தான். என் பின்னால் மீனம்மாள் நின்றாள். "தேவகோட்டை சார்" என்றான்.

அன்று சாயங்காலம் பஸ்ஸ்டாண்டில் அவனைப் பிடித்து உலுக்கினேன். "ஏன்டா அப்புடிச் சொன்னே?"

"செத்தவுக மேல கேசு போட்டா அது செல்லாதுன்னு அவருதானே நடத்துனாரு. விசாரிச்சுக் கண்டுபிடிச்சுருவாருன்னு நெனச்சேன்" என்றான். "நான் இல்லன்னு சொன்னா அடுத்து யாருன்னு தேடுவாரு. அவரு கோவத்துல எனக்கு ஒரு வருசம் போனா அடுத்த வருசம் எழுதுவேன். மீனாவுக்குப் போனா அவ அம்மா கல்யாணம் பண்ணி வச்சுரும். அப்புறம் கொப்புடையாள் மேல பண்ணுன சத்தியம் வேற."

சார் விசாரிக்கவில்லை. சாட்சியச் சட்டத்தைக் கரைத்துக் குடித்தவர், ஒரு வார்த்தையைச் சாட்சியாக வைத்துத் தீர்ப்பை எழுதி முடித்துவிட்டார். அதுவும் ஒருதலைத் தீர்ப்பு.

தண்டனையும் சட்டப்படிதான் வந்தது. நேமத்தான்பட்டி பஸ் தாமதமாக வருவதால் பெத்தாச்சி முதல் பீரியடுக்குப் பாதியில்தான் நுழைவான். சார் இத்தனை காலமும் வருகைப் பதிவேட்டில் அந்த இடங்களைப் பென்சிலால் புள்ளி வைத்துவிட்டு, வருடக் கடைசியில் வந்ததாகப் போட்டுவிடுவார். யாரும் கேட்காமல் அவராகச் செய்த உதவி. அந்த வருடப் புள்ளிகளெல்லாம் பேனாவால் ஆப்சென்ட் ஆயின. வருகை போதாதவர்களுக்குத் தேர்வு ஹால் டிக்கெட் கிடையாது. அறிவிப்புப் பலகையில் ஒட்டிய தாளில் ஒரே ஒரு பெயர் இருந்தது.

நானும் மீனம்மாளும் யூஜினியா மேடத்திடம் ஓடினோம். அப்பச்சி என்றால் இங்கே என்ன அர்த்தம் என்று நான்தான் சொன்னேன். அவர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"எங்கூர்ல எல்லாரும் சொல்ற வார்த்தை கண்ணு அது" என்றார். அதையே இரண்டு மூன்று முறை சொன்னார். பிறகு முதல்வர் அறைக்குப் போனார். திரும்பி வரும்போது முகம் வெளுத்திருந்தது. அந்தப் பையன் இல்லை என்று சொன்னாராம். அப்படியானால் யார் என்று முதல்வர் கேட்டாராம். சொல்ல மாட்டேன் என்றாராம். அதற்கு முதல்வர், "சொல்லாட்டி விடுங்க. அறிக்கைக்கும் அட்டெண்டன்ஸுக்கும் என்ன சம்பந்தம்? அவன் லேட்டா வந்தது உண்மையா இல்லையா?" என்று கேட்டாராம். உண்மைதான். எல்லாமே உண்மைதான். அதுதான் என் வயிற்றெரிச்சல்.

"மேடம், நானே போயிச் சொல்லிர்றேன்" என்றாள் மீனம்மாள்.

மேடம் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "உன்னையப் போகச் சொல்லவும் எனக்கு வாய் வரல, போகாதேன்னு சொல்லவும் வரல" என்றார். அவர் அழுததை நான் அப்போதுதான் பார்த்தேன்.

மறுநாள் சாருடைய அறைக்குப் போனோம். தனியாகப் போக வேண்டாம் என்று நானும் கூடப் போனேன். மேஜைமேல் ஒரு கட்டுக் காகிதம் கிடந்தது. வகுப்பில் காட்டுவதற்காகக் கொண்டுவந்த பழைய சம்மன்கள்.

"சார், அந்தக் குரூப்புல சம்மன் விசயம் பேசுனது நாந்தான். பெத்தாச்சி இல்ல" என்றாள் மீனம்மாள். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த வாக்கியம்.

சார் கண்ணாடியைக் கழற்றினார். "உக்காரும்மா" என்றார். நாங்கள் உட்காரவில்லை. "யாரு சொல்லி வந்தே?"

"யாரும் சொல்லல சார்."

"மேடம் படிச்சதை நானும் கேட்டேன். எங்க அப்பச்சின்னு படிச்சாக. உங்க வீட்ல யாரும்மா அப்பச்சி?"

மீனம்மாள் தாவணி முனையைச் சுற்றினாள். "எங்க அம்மா வேல பாக்குற வீட்ல இருக்காக சார். அவுகள நான் அப்பச்சின்னுதான் கூப்புடுவேன்."

சார் சிரித்தார். ஏளனமாகச் சிரித்தார் என்று சொன்னால் பொய். சின்னப் பிள்ளை ஏதோ சொல்வதைக் கேட்டுச் சிரிப்பதுபோலத்தான் சிரித்தார். "வேல பாக்குற வீட்டுச் செட்டியாரு உனக்கு அப்பச்சியா? அவுகளுக்கு இது தெரியுமா?" என்றார்.

மீனம்மாளின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. நான் குறுக்கே விழுந்தேன். "சார், நாங்க எட்டுப் பேரும் கேட்டோம் சார். அவதான் பேசுனா."

"வெளிய சொல்ல மாட்டோம்னு எட்டுப் பேரும் சத்தியம் பண்ணிருக்கீகளாம்ல. அப்ப நீ இப்பச் சொல்றது சத்தியத்த மீறியா? மீறுறவ சாட்சிய நான் எப்புடி நம்புறது?"

கோர்ட்டில் பேசிப் பழகிய வாய்க்கு முன்னால் நான் எந்த மூலை? அவர் மீனம்மாளைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "அந்தப் பையனக் காப்பாத்தணும்னு நெனைக்கிறே. நல்ல மனசுதான். ஆனா ஒரு பொம்பளப் புள்ள பையனுக்காக இப்புடி வந்து நின்னா நாலு பேரு என்ன பேசுவாக? உன் நல்லதுக்குச் சொல்றேன். போம்மா, போயிப் படி."

படி இறங்கும்போது மீனம்மாள் பெத்தாச்சியைப் பற்றிக் கேட்பாள் என்று நினைத்தேன். ஹால் டிக்கெட்டைப் பற்றிக் கேட்பாள் என்று நினைத்தேன். பாதிப் படியில் நின்று, "ஏன்டீ பெல்சி, நான் அப்பச்சின்னு நெனைக்கிறது அவுகளுக்குத் தெரியும்தானே?" என்று கேட்டாள். தெரியும்டீ என்றேன். என் குரல் எனக்கே நம்பும்படியாக இல்லை.

பிறகு நடந்ததைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். சார் பிரமாதமாகப் பாடம் நடத்த ஆரம்பித்துவிட்டார். நோட்ஸை மூடி வைத்தார். சம்மனைக் கையில் கொடுத்து, எந்த மூலையில் என்ன பார்க்க வேண்டும், வாய்தா தேதி எங்கே, வரத் தவறினால் என்ன ஆகும் என்று எழுதியிருப்பது எங்கே என்று ஒவ்வொருவரிடமும் வந்து விரல் வைத்துக் காட்டினார். ஒருதலைத் தீர்ப்பை நீக்கக் கேட்டு மனு எழுதுவது எப்படி, தாமதத்தை மன்னிக்கக் கேட்பது எப்படி என்று எங்களையே எழுத வைத்தார். மூன்று வருடத்தில் கற்காததை அந்தச் சில வாரத்தில் கற்றோம். குரூப் வேலை செய்துவிட்டது. பெத்தாச்சி கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருப்பான். தேர்வு எழுத முடியாதவன் வகுப்பிலிருந்து எழுந்து போக வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. சார் அந்தப் பெஞ்சுவரை வருவார், அவனுக்கு முன்னால் இருப்பவனோடு திரும்பிவிடுவார்.

"எனக்கென்னமோ பெரிய மனசுன்னு நெனைக்காத பெல்சி. மீனாவப் பாக்குறப்பயெல்லாம் ஆத்திரம் ஆத்திரமா வருது" என்றான் பெத்தாச்சி ஒருநாள். அவளோடு பேசுவதை அவன் நிறுத்தியிருந்தான். அவளும் அவன் இருக்கும் பக்கம் போகமாட்டாள். வீட்டில் அவன் ஆத்தாவிடம் பரீட்சையைத் தள்ளி வைத்துவிட்டார்கள் என்று ஏதோ பொய் சொல்லிவைத்திருந்தான்.

தேர்வுக்கு முன்னால் மேடம் இன்னொரு குரூப் வைக்க வேண்டியிருந்தது. மாற்றங்களுக்குப் பிறகு மாணவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று செயலாளருக்குத் தெரிய வேண்டுமாம். அதே எட்டு நாற்காலி, அதே வட்டம். ஒவ்வொருவரிடமும் கேட்டார். "எல்லாம் நல்லாருக்கு மேடம்" என்றான் சின்னராஜ். அடுத்தவனும் நல்லாருக்கு என்றான். நானும் நல்லாருக்கு என்றேன். பெத்தாச்சி, "ரொம்ப நல்லாருக்கு மேடம்" என்றான். மீனம்மாள் தலையை மட்டும் ஆட்டினாள். மேடம் எழுந்து ரிக்கார்டரை நிறுத்தினார். ஓடியதில் அழிப்பதற்கு ஒன்றும் இல்லை. அந்த அறிக்கையைச் செயலாளர் மிகவும் பாராட்டினார் என்று கேள்விப்பட்டோம். சின்னராஜ் பலகையில் எழுதியது கடைசியில் சரியாகத்தான் போயிற்று.

தேர்வு முடிந்து மே மாதம் மீனம்மாள் என்னைக் கண்டரமாணிக்கத்துக்குக் கூப்பிட்டாள். வீட்டுக்கு இன்னொரு கோர்ட்டுக் காகிதம் வந்திருக்கிறது, தனியாகப் படிக்கப் பயமாக இருக்கிறது என்றாள். பின்வாசல் வழியாகக் கூட்டிக்கொண்டு போனாள். பொன்னுத்தாயி அம்மா மோர் கொடுத்தார்.

பெரியவர் வளவு முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். காது கொஞ்சம் மந்தம். "யாரு, மீனாவா? இங்குட்டு வா ஆத்தா. மறுபடியும் ஒண்ணு வந்துருக்கு. வக்கீலம்மா படிச்சுச் சொல்லுங்க" என்றார். ஒரு தடவை அவளை நம்பிக் கேஸைத் தோற்றவர். இரண்டாம் தடவையும் அவளிடமே நீட்டினார்.

மீனம்மாள் தள்ளி நின்றே வாங்கினாள். முதலில் எங்கே பார்க்க வேண்டுமோ அங்கே பார்த்தாள். தேதியைப் படித்தாள். பங்கைப் பிரித்துக் கொடுக்க வீட்டை அளக்க ஆள் அனுப்பச் சொல்லிப் பங்காளிகள் கோர்ட்டில் கேட்டிருக்கிறார்கள் என்று விளக்கினாள். "இந்தத் தேதிக்குக் கட்டாயம் கோர்ட்டுல நிக்கணும். அதுக்கு முன்னாடி ஒரு வக்கீலப் பாத்து, பழைய தீர்ப்ப நீக்கச் சொல்லி மனுப் போடணும். இவ்வளவு நாளா ஏன் வரலைன்னு காரணம் எழுதணும்" என்றாள். ஒரு வார்த்தை பிசகவில்லை. அழகுசுந்தரம் சார் கேட்டிருந்தால் முழு மார்க் போட்டிருப்பார்.

"என்ன காரணம் எழுதுறது?"

"நான் தப்பாச் சொன்னேன்னு எழுதுவோம். அதான் நெசம்."

"போ ஆத்தா. கோர்ட்டுக்குப் போகாதவனுக்கெல்லாம் மஞ்சக்காமாலைதான். ஊரே அப்புடித்தான் எழுதுது. எனக்கும் அதையே எழுது. உன் பேரு எதுக்குக் கோர்ட்டுக்குப் போகணும்?"

மீனம்மாள் தரையில் உட்கார்ந்து, வக்கீலிடம் கொடுப்பதற்காக ஒரு தாளில் குறிப்பு எழுத ஆரம்பித்தாள். "சரிங்கய்யா" என்றாள்.

அவள் வாயிலிருந்து 'அய்யா' கேட்டுப் பழகாத பெரியவர் திரும்பி முகப்புப் பக்கம் பார்த்தார். "யாரு வந்துருக்கா?" என்று கேட்டார்.

"யாரும் வரலைங்கய்யா."

அவர் அவளையே பார்த்தார். என்னைப் பார்த்தார். திரும்ப அவளைப் பார்த்தார். கேஸில் தோற்றபோதுகூட அந்த முகம் அப்படி இருந்திருக்காது.

"எம்மேல எதும் கோவமா ஆத்தா?" என்றார்.

மீனம்மாள் தலையை நிமிர்த்தவில்லை. தாளில் மஞ்சள் காமாலை என்று எழுதிக்கொண்டிருந்தாள்.